கல்லில் வரைந்தவர்: பார்னெட் ஃப்ரீட்மனின் மேலுறைகளும் மறதியின் காரணங்களும்

கேள்வி

1935ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரிட்டனில் கடிதம் அனுப்பியவர்களில் பலர் ஓவியர் பார்னெட் ஃப்ரீட்மனின் வேலையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டியிருப்பார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழாவையொட்டி மே 7 அன்று வெளியான நான்கு தபால்தலைகளும் அவர் வடிவமைத்தவை. நகரவாசிகள் நிலத்தடி ரயில் நிலையங்களில் அவர் வரைந்த சுவரொட்டிகளைப் பார்த்தார்கள். புத்தகக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய மேலுறைகள் இருந்தன. ஓவியர்கள் எரிக் ரவிலியஸ், எட்வர்ட் போடன் இருவரும் அவரோடு ஒரே கல்லூரியில் ஒரே காலத்தில் படித்தவர்கள். இம்மூவரில் 1930களின் நடுவில் பொதுமக்களின் கைகளில் அதிகம் புழங்கிய வேலை ஃப்ரீட்மனுடையது என்று சொல்வதில் மிகை இல்லை.

இன்று நிலைமை தலைகீழ். ரவிலியஸின் நீர்வண்ணங்கள் வாழ்த்து அட்டைகளாகவும் நாட்காட்டிகளாகவும் விற்கின்றன. லண்டனின் டல்விச் ஓவியக்கூடம் 2015இல் அவருக்கும் 2018இல் போடனுக்கும் பெரிய கண்காட்சிகள் நடத்தியது. ஃப்ரீட்மனின் பெயரோ பழைய புத்தகம் சேகரிப்பவர்களிடமும் அச்சுக்கலை வரலாறு படிப்பவர்களிடமும் தங்கிவிட்டது. 1948இல் ஜொனதன் மேய்ன் எழுதிய ஒரு சிறுநூல், 1958இல் கலைகள் மன்றம் நடத்திய நினைவுக் கண்காட்சி, 2006இல் இயன் ரோஜர்சன் வெளியிட்ட விரிவான நூல் என, நீண்ட இடைவெளிகள் விட்டே அவரைப் பற்றிய எழுத்து வந்திருக்கிறது. இந்த மறதிக்குக் காரணம் என்ன? தற்செயலா, ரசனையின் மாற்றமா, அல்லது அவர் தேர்ந்துகொண்ட தொழில்முறையிலேயே அது அடங்கியிருந்ததா? இக்கட்டுரை இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

ஸ்டெப்னியிலிருந்து ராயல் கலைக்கல்லூரிக்கு

ஃப்ரீட்மன் 1901இல் லண்டனின் கிழக்குப் பகுதியான ஸ்டெப்னியில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரை நோயாளியாக மருத்துவமனையிலேயே கிடந்தார். எழுத்து, படிப்பு, வயலின், ஓவியம் எல்லாம் அந்தப் படுக்கையில் கற்றவை. பதினாறு வயதை எட்டும் முன்பே கல்லறைச் சின்னங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வரைவாளராகச் சேர்ந்தார். பிறகு ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகம். அங்கே, முதல் உலகப்போர் முடிந்த அந்த ஆண்டுகளில், போர் நினைவுச்சின்னங்களுக்கான வரைபடங்கள் ஏராளமாகத் தேவைப்பட்டன. பகலில் இந்த வேலை. மாலையில் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளி வகுப்பு. இப்படி ஐந்து ஆண்டுகள் கழிந்தன.

முழுநேரப் படிப்புக்கு உதவித்தொகை கேட்டபோதெல்லாம் லண்டன் கவுண்டி கவுன்சில் மறுத்தது. கடைசியில் ராயல் கலைக்கல்லூரியின் முதல்வர் வில்லியம் ரோதன்ஸ்டைனை நேரில் பார்த்துத் தன் வேலைகளைக் காட்டினார். (தாகூர் தம் ஆங்கில 'கீதாஞ்சலி'யைக் காணிக்கையாக்கியது இதே ரோதன்ஸ்டைனுக்குத்தான். ஆளைக் கண்டுபிடிக்கும் கண் அவருக்கு இருந்தது.) அவர் தலையிட்டதால் உதவித்தொகை கிடைத்தது. 1922இல் ஃப்ரீட்மன் கல்லூரியில் சேர்ந்தார். ரவிலியஸும் போடனும் அதே ஆண்டு சேர்ந்தவர்கள். சிற்பி ஹென்றி மூர் முந்தைய ஆண்டிலேயே வந்திருந்தார். ஓவியர் பால் நாஷ் சிலகாலம் பாடம் எடுத்தார்.

இந்த முன்கதையில் நம் கேள்விக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. ஃப்ரீட்மன் கலைக்கல்லூரிக்குள் நுழையும்போதே சம்பளத்துக்கு வரைந்து பழகியவர். குறித்த நாளுக்குள் முடிப்பது, வாடிக்கையாளர் கேட்ட அளவுக்குள் வரைவது, எழுத்தைப் படத்துக்கு நிகராக மதிப்பது ஆகியவை அவருக்குப் பட்டறைப் பழக்கங்கள். தூய கலை, வணிகக் கலை என்ற பிரிவினையை அவர் வாழ்நாள் முழுக்க ஏற்கவில்லை. பிற்காலத்தில் பலரும் இதை ஒரு கொள்கை நிலைப்பாடாக விளக்குகிறார்கள். எனக்கு இது கொள்கையைவிடப் பிழைப்பின் நீட்சியாகவே தெரிகிறது. கொள்கையாக வடிவெடுத்தது பிறகுதான்.

மேலுறை என்னும் சரக்கு

புத்தகத்தின் மேல் தனியாகச் சுற்றப்படும் தாள், முதலில் அட்டையை அழுக்கிலிருந்து காக்க வந்தது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகள் 1830ஐ ஒட்டியவை. வாங்கியவர் வீட்டுக்குப் போனதும் அதைக் கிழித்தெறிவார் என்பதே எதிர்பார்ப்பு. படம் போட்ட மேலுறை விற்பனைக் கருவியாக வலுப்பெற்றது முதல் உலகப்போருக்குப் பிறகு. அப்போது இரண்டு வழிகள் தோன்றின. விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் ஸ்டான்லி மோரிசனைக் கொண்டு, மஞ்சள் தாளில் வெறும் அச்செழுத்தை மட்டும் வைத்து உரக்கப் பேசும் மேலுறைகளைச் செய்தது. 1929இல் அப்பெயரில் தொடங்கிய ஃபேபர் அண்ட் ஃபேபர் மறுவழியில் போனது. அங்கே தயாரிப்புப் பொறுப்பில் இருந்தவர் கவிஞர் வால்டர் டி லா மேரின் மகன் ரிச்சர்ட் டி லா மேர். ஓவியர்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுப்பது அவர் வழக்கம்.

ஃப்ரீட்மனின் பெயரைப் புத்தக உலகில் நிறுத்தியது ஃபேபர் வெளியிட்ட ஒரு போர்நூல். சீக்ஃப்ரீட் சசூன் காலாட்படை அதிகாரியாக இருந்த நினைவுகளை எழுதிய புத்தகம் 1930இல் வந்தது. மறு ஆண்டு அதற்கு ஃப்ரீட்மனின் படங்களோடு ஒரு பதிப்பு வந்தது. போர் நடந்தபோது அவர் பதின்ம வயதினர், போர்க்களத்தைப் பார்த்ததில்லை. ஆனால் போரில் மாண்டவர்களுக்கான நினைவுச்சின்னங்களின் வரைபடப் பலகையில் உட்கார்ந்திருந்தவர். பின்னர் வால்டர் டி லா மேர் தொகுத்த 'பிஹோல்ட், திஸ் டிரீமர்!' (1939), 'லவ்' (1943) ஆகியவற்றுக்கும் அவர் வேலை செய்தார். கவிஞரின் எழுத்தும் மகனின் தயாரிப்பும் ஃப்ரீட்மனின் ஓவியமும் சேர்ந்த புத்தகங்கள் இவை.

இவ்வேலைகளில் முதலில் கண்ணில் படுவது எழுத்து. தலைப்பு எழுத்துகளை அவர் அச்சுக்கோப்பவரிடம் விடுவதில்லை, தாமே வரைவார். பருத்த, நிழல் விழுந்த, ஓரங்களில் புள்ளி தூவிய விக்டோரியா காலச் சாயல் எழுத்துகள். அதே காலத்தில் ஐரோப்பா முழுவதும் நவீனர்கள் அலங்காரம் களைந்த எழுத்தை முன்வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் இது பிடிவாதமான தேர்வு. பேய்னார்ட் அச்சகத்துக்காக அவர் உருவாக்கிய எழுத்துருவுக்குத் தம் மனைவியின் பெயரைச் சேர்த்துப் 'பேய்னார்ட் கிளாடியா' என்று வைத்தார். அந்த மனைவி, கிளாடியா குவெர்சியோவும் ஓவியர்.

கல், துத்தநாகம், நிறம்

அவருடைய தொழில்முறையைப் புரிந்துகொள்ளாமல் நம் கேள்விக்கு விடை தேட முடியாது. ஆகவே இங்கே சற்று நிற்க வேண்டும்.

கல்லச்சு 1790களின் இறுதியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை. நெய்ப்புள்ள சாக்கட்டியால் வழவழப்பாக்கிய சுண்ணாம்புக்கல்லில் வரைவார்கள். கல்லை நீரால் நனைத்தால் நீர் வரையாத இடங்களில் மட்டும் தங்கும். எண்ணெய் மையை உருட்டினால் அது கோட்டில் மட்டும் ஒட்டும். அதன்மேல் தாளை வைத்து அழுத்த வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஐந்து நிறம் என்றால் ஐந்து கல், ஐந்து முறை தாள் ஓட வேண்டும், ஒவ்வொரு முறையும் மயிரிழை விலகாமல் உட்கார வேண்டும். கல்லுக்குப் பதில் பதம்செய்த துத்தநாகத் தகடும் புழக்கத்துக்கு வந்தது. நேராக அச்சிடும்போது கல்லில் உள்ளதெல்லாம் தாளில் இடம் வலமாக மாறும். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும்.

வழக்கமான ஏற்பாட்டில் ஓவியர் தாளில் ஒரு வண்ண ஓவியத்தைக் கொடுத்துவிட்டுப் போவார். அச்சகத்தின் தேர்ந்த கைவினைஞர்கள் அதை நிறம் பிரித்துக் கல்லில் பெயர்ப்பார்கள். தாமஸ் கிரிஃபிட்ஸ் போன்றவர்கள் இதில் மேதைகள். ஓவியரைவிட அவருடைய நிறங்களை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் என்றுகூடச் சொல்லலாம். ஃப்ரீட்மன் இந்த இடைக்கையை வேண்டாம் என்றார். கர்வென் அச்சகத்துக்கும் பேய்னார்ட் அச்சகத்துக்கும் தாமே போய், ஒவ்வொரு நிறத்துக்குமான கல்லையும் தகட்டையும் தம் கையால் வரைந்தார். நீலத்தின்மேல் மஞ்சள் ஓடினால் என்ன பச்சை வரும், அதன்மேல் மெல்லிய சாம்பல் ஓடினால் அது எப்படிக் கனக்கும் என்பதை மனத்தில் கணக்கிட்டு ஒவ்வொரு கல்லிலும் கறுப்பில் வரைய வேண்டும். சாக்கட்டியின் மணல்மணலான தடம், கத்தியால் சுரண்டி எடுத்த வெளிச்சம், ஒன்றன்மேல் ஒன்றாகக் கசியும் நிறம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஃப்ரீட்மனின் பாணி என்று இன்று நாம் அடையாளம் காண்பது. நான்கைந்து மைகளில் அவர் காட்டும் நிறங்களைக் கண்ணால் எண்ணிவிட முடியாது.

1936இல், கர்வென் அச்சகத்தின் ஆலிவர் சைமன் நடத்திய 'சிக்னேச்சர்' இதழில் கல்லச்சைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இது: கல்லச்சு ஓவியரின் ஊடகம், ஓவியத்தை நகலெடுக்கும் கருவியாக மட்டும் அதைக் குறுக்கக் கூடாது. வாதம் எளியதாகத் தோன்றலாம். ஆனால் அதை ஒப்புக்கொண்டால் அச்சகத்திலிருந்து வெளியேறும் ஆயிரக்கணக்கான தாள்கள் ஒவ்வொன்றும் அசல் ஓவியமாகிவிடும். கடையில் சில ஷில்லிங் கொடுத்துப் புத்தகம் வாங்குபவர் ஓர் அசலை எடுத்துப் போகிறார். இந்த முடிவின் விலை என்ன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கடைத்தெருவும் கப்பலும்

அவருடைய பெரிய நூல்கள் அமெரிக்காவுக்குப் போயின என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் ஜார்ஜ் மேசி 1929இல் தொடங்கிய லிமிடெட் எடிஷன்ஸ் கிளப், உறுப்பினர்களுக்காக ஒவ்வொரு நூலையும் 1,500 பிரதிகள் அச்சிட்டது. அதற்காக ஃப்ரீட்மன் ஜார்ஜ் பாரோவின் 'லாவெங்ரோ' (1936), தல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' ஆறு தொகுதிகள் (1938), 'அன்னா கரீனினா' (1951) ஆகியவற்றுக்கு வண்ணக் கல்லச்சுகள் வரைந்தார். மேசியின் மலிவுப் பிரிவான ஹெரிடேஜ் பிரஸ்ஸுக்கு 'ஆலிவர் ட்விஸ்ட்', 'வுதரிங் ஹைட்ஸ்', 'ஜேன் அயர்'. கையொப்பமிட்ட உயர்விலைப் பதிப்பு ஒருபுறம், தெருவில் கிடைக்கும் மேலுறை மறுபுறம். இரண்டிலும் கைவேலையின் தரம் மாறவில்லை. இது அவரைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது.

வெள்ளிவிழாத் தபால்தலை கல்லச்சு அல்ல. ஹாரிசன் அச்சகம் அதை போட்டோகிராவூர் முறையில் அச்சிட்டது. இருந்தாலும் நிழலும் வெளிச்சமுமாக மன்னரின் தலை உருண்டு நிற்கும் அந்த வடிவம், புதிய முறை எதைத் தாங்கும் என்று தெரிந்துகொண்டு செய்தது. தபால் துறையின் திரைப்படப் பிரிவு 'தி கிங்ஸ் ஸ்டாம்ப்' என்ற குறும்படத்தை எடுத்தது. இயக்கியவர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம், இசை பெஞ்சமின் பிரிட்டன், ஓவியராக வருபவர் ஃப்ரீட்மனே. யூதக் குடியேறியின் மகன் மன்னரின் முகத்தை வரையும் காட்சியை அரசே படம்பிடித்துத் திரையிட்ட ஆண்டு 1935. அதே ஆண்டு ஜெர்மனியில் யூதர்களின் குடியுரிமை பறிக்கப்பட்டது.

போர்க்காலத்தில் அவர் அதிகாரபூர்வப் போர் ஓவியர். 1940இல் ஓவியர் எட்வர்ட் ஆர்டிசோன், போடன் ஆகியோரைப் போலவே பிரான்சிலிருந்த பிரிட்டிஷ் படையோடு இருந்தார். 1941இல் 'ரிபல்ஸ்' போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரத்துக்குள் அமர்ந்து வேலை செய்யும் மாலுமிகளை வரைந்தார். அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று மலாயாக் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அக்கப்பலை மூழ்கடித்தன. விமானத் தொழிற்சாலைப் பணியாளர்களை அவர் வரைந்த விதமும் குறிப்பிடத்தக்கது. கூட்டத்தைக் கூட்டமாகக் காட்டாமல், தனித்தனி முகங்களை வரிசைவரிசையாக அடுக்கினார். ஒவ்வொருவரும் ஓர் ஆள். 1946இல் சி.பி.இ. விருது கிடைத்தது.

போர் முடிந்தபின் லயன்ஸ் நிறுவனத்தின் தேநீர்க்கடைகளில் சுவர்கள் அழுக்கேறிக் கிடந்தன. பூசுவதற்குப் பொருள் தட்டுப்பாடு. சுவர்களை மறைக்கக் கல்லச்சு ஓவியங்களை அச்சிட்டு மாட்டுவது என்ற திட்டம் எழுந்தது. 1947இல் முதல் தொகுதி வெளிவந்தது. ஃப்ரீட்மன் தொழில்நுட்ப ஆலோசனை தந்ததோடு 'பீப்பிள்' என்ற படத்தையும் வரைந்தார். அரங்கம், சர்க்கஸ், கடை, தெரு என மனிதர் நிறைந்த இடங்களிலேயே அவர் மனம் தங்கியது.

மறதிக்குச் சொல்லப்படும் காரணங்கள்

முதல் விளக்கம், அகால மரணம். ஃப்ரீட்மன் 1958 ஜனவரியில், ஐம்பத்தாறு வயதில் இறந்தார். ஆனால் ரவிலியஸ் 1942இல் ஐஸ்லாந்துக்கு அருகே விமானம் காணாமல் போனபோது அவருக்கு முப்பத்தொன்பதுதான். சீக்கிரம் இறப்பது புகழைக் குறைக்கும் என்பதைவிட வளர்க்கும் என்பதற்கே சான்று அதிகம். இவ்விளக்கத்தைத் தள்ளிவிடலாம்.

இரண்டாவது விளக்கம் கனமானது. 1930களின் ஆங்கில ஓவியத்தை இன்று விரும்புபவர்கள் தேடுவது இழந்துபோன ஒரு நாட்டுப்புறத்தை. சுண்ணாம்புக் குன்று, வெற்றுச் சாலை, காய்கறித் தோட்டம். ரவிலியஸின் படங்களில் மனிதர் பெரும்பாலும் இல்லை. அதனால் அங்கே யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம். ஸ்டெப்னிக்காரரின் நெரிசலுக்கு இந்த ஏக்கத்தில் இடமில்லை. அவருடைய யூதப் பின்புலமும் இந்த 'ஆங்கிலத்தன்மை'க்குள் எளிதில் அடங்கவில்லை. இதில் உண்மை உண்டு. ஆனால் எட்வர்ட் ஆர்டிசோனை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் தடுமாறுகிறது. ஆர்டிசோன் வியட்நாமின் ஹைஃபோங்கில் பிறந்தவர். இத்தாலியப் பெயர். அவர் வரைந்ததும் லண்டன் மதுக்கடைகளையும் பருத்த மனிதர்களையும்தான். அவரை ஆங்கிலேயர் தம் குழந்தைப் பருவத்தின் ஓவியராகவே கொண்டாடுகிறார்கள். அந்நியப் பிறப்பும் நகர்ப்புறப் பொருளும் மட்டுமே மறதிக்குப் போதுமான காரணமாக முடியாது.

ஆர்டிசோன் நிலைத்தது எப்படி? 1936இல் தொடங்கிய 'லிட்டில் டிம்' கதைகளை எழுதியவரும் வரைந்தவரும் அவரே. கதை மறுபதிப்பாகும்போதெல்லாம் படமும் கூடவே வந்தாக வேண்டும். ஃப்ரீட்மன் வரைந்ததோ பிறருடைய நூல்களுக்கு. தல்ஸ்தோய்க்கும் பிரான்டே சகோதரிகளுக்கும் தலைமுறைக்கொரு புதிய பதிப்பு, பதிப்புக்கொரு புதிய மேலுறை. நூல் நிற்கும், மேலுறை போகும். நூலகங்களும் பொதுவாக மேலுறையைக் கழற்றிவிட்டே புத்தகத்தை அலமாரியில் ஏற்றின. 1949இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் மேலுறைகளுக்கென்றே ஒரு பன்னாட்டுக் கண்காட்சி நடத்தியபோது அது ஒரு புதுமையாகவே இருந்தது.

இன்னொரு வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. ஆர்டிசோனின் பலம் பேனாக் கோடு. கோட்டை எந்த அச்சுமுறையிலும் மலிவாக மறுபடி அச்சிடலாம், பெரிதாக எதுவும் கெடாது. ஃப்ரீட்மனின் மணல்மணலான சாயலைக் கேமராவில் பிடித்து ஆஃப்செட் அச்சுக்காகப் புள்ளிகளாக உடைத்தால், கல்லின் புள்ளியும் திரையின் புள்ளியும் மோதிக்கொள்ளும். கசிந்த நிறங்கள் சேறாகும். அவரைப் பற்றிய நூல்களில் உள்ள படங்களை மட்டும் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்று ஒருவர் நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. போருக்குப் பின் புகைப்படவழி அச்சு பரவியதும் ஓவியரே கல்லில் வரையும் முறை வணிகப் பதிப்பிலிருந்து ஒதுங்கியது. அவரிடமிருந்து கற்கவேண்டிய அடுத்த தலைமுறைக்கு அந்த வேலையே இல்லாமல் போயிற்று.

அசல் எங்கே?

இந்தக் காரணங்களுக்கு அடியில் இன்னும் அடிப்படையான ஒன்று இருக்கிறது என்பது என் கணிப்பு. ஓவியரின் புகழைக் காப்பாற்றும் நிறுவனங்கள், அதாவது ஏலக்கூடம், ஓவியக்கூடம், சேகரிப்பாளர் ஆகியவை, ஒற்றைப் பொருளைச் சுற்றியே இயங்குகின்றன. ரவிலியஸின் மரச்செதுக்கு அச்சுகள் எத்தனை சிறந்தவையானாலும் அவருக்குக் கண்காட்சி வைக்கும்போது கூட்டம் வருவது நீர்வண்ணங்களைப் பார்க்க. அவை ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. போடனுக்கும் அப்படிப்பட்ட நீர்வண்ணங்கள் உண்டு. ஃப்ரீட்மனின் தலைசிறந்த வேலையில் அந்த ஒன்று கிடையாது. கிரிஃபிட்ஸ் போன்ற ஒரு கைவினைஞரிடம் அவர் வண்ண ஓவியத்தைக் கொடுத்து ஒதுங்கியிருந்தால் இன்று சுவரில் மாட்ட ஓர் அசல் மிஞ்சியிருக்கும். கல்லில் தாமே வரைந்ததால் கல்லே அசல். அச்சு ஓடி முடிந்ததும் அச்சகம் கல்லைத் தேய்த்து அடுத்த படத்துக்குத் தயார் செய்தது. துத்தநாகத் தகடும் அப்படியே. எஞ்சியவை ஒன்றுபோல் ஒன்றான ஆயிரம் தாள்கள். அவையெல்லாம் அசல் என்றால் எதற்கும் தனி விலை இல்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். ஒன்று, ஃப்ரீட்மன் எண்ணெய் வண்ணத்திலும் வரைந்தவர். 'சிசிலியன் பப்பெட்ஸ்' டேட் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. போர் அருங்காட்சியகத்தில் ஆரோமாஞ்ச் கரையிறக்கத்தின் பெரிய ஓவியம் இருக்கிறது. உண்மை. ஆனால் அவ்வோவியங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் தம் தலைமுறையின் நல்ல ஓவியர்களில் ஒருவர், அவ்வளவே. தனித்தவராக ஆக்கியது அச்சு. இரண்டாவது, மான்செஸ்டர் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆவணங்களும் சோதனைத் தாள்களும் காக்கப்படுகின்றன. அவை இல்லாமல் ரோஜர்சனின் ஆய்வு நடந்திருக்காது. இதுவும் உண்மை. ஆய்வாளருக்கு அவை போதும். ஏலக்கூடத்துக்குப் போதாது. சந்தை ஒருவரைக் கைவிட்டபின் ஆவணக்காப்பகம் காப்பாற்றுவது வேறுவகைப் புகழை.

2020 மார்ச்சில் சிசெஸ்டரின் பாலன்ட் ஹவுஸ் ஓவியக்கூடம் ஃப்ரீட்மனுக்குப் பெரிய கண்காட்சி ஒன்றைத் திறந்தது. சில நாட்களில் கொள்ளைநோய் அடைப்பு வந்து கதவு மூடியது. அவருடைய அதிர்ஷ்டம் அப்படி. பின்னர் அது மீண்டும் திறந்தது, மதிப்புரைகளும் மரியாதையாகவே வந்தன. ஆனால் இத்தகைய மறுகண்டுபிடிப்பில் ஒரு சிக்கல் உண்டு. மேலுறையைச் சட்டகத்துக்குள் தட்டையாக விரித்து மாட்டும்போது அது ஓர் ஓவியம்போல் நடிக்கத் தொடங்குகிறது. மேலுறை வரைபவர் கணக்கிடுவது வேறு. முன்புறம் கடைக் கண்ணாடிக்கு, முதுகு வீட்டு அலமாரிக்கு, பின்புறம் படித்துக்கொண்டிருப்பவருக்கு எதிரே அமர்ந்தவரின் கண்ணுக்கு. புத்தகத்தின் தடிமனை அறிந்து, மடிப்பு எங்கே விழும் என்று பார்த்து, முதுகில் எழுத்தைத் திருப்பியோ நிமிர்த்தியோ வைக்க வேண்டும். ஃப்ரீட்மனின் மேலுறைகளை மதிப்பிட வேண்டிய இடம் புத்தகத்தின் மேல்தான், கையில் வைத்துத் திருப்பிப் பார்த்து. அதற்கு அருங்காட்சியகத்தைவிடப் பழைய புத்தகக்கடை நல்ல இடம். ஆனால் மேலுறை கிழியாத பிரதிக்கு அங்கே சொல்லும் விலை, சில ஷில்லிங்குக்கு அசல் என்ற அவருடைய எண்ணத்திலிருந்து வெகுதூரம் விலகிவிட்டது.